நீங்கள் உயிரோடு இருந்ததற்கு நான் சொன்ன சாட்சி

அண்ணே,

இன்று காலை தபால்காரர் உங்களுக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே அது லண்டன் உறை என்று தெரிந்துவிட்டது. வெளிறிய பழுப்பு நிறம், முகப்பில் கண்ணாடித்தாள் ஜன்னல், அதற்குள் உங்கள் பெயர். உங்கள் சந்தில் வீடுகளுக்குக் கதவெண் கிடையாது என்பதால் அந்த ஊர்க் கடிதங்களுக்கு என் முகவரியைத்தான் கொடுத்து வைத்திருந்தீர்கள்.

“சார், அண்ணனுக்கு வந்திருக்கு. என்ன செய்ய? ஆள் இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிரவா?”

“எழுதலாம். அவங்க நம்பணுமே.”

“செத்துப்போனதையுமா நம்ப மாட்டாங்க?”

“உயிரோட இருந்தப்பவே நம்பலையே.”

அவர் சிரிக்கவில்லை. உறையை என் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

பிரித்துப் படித்தேன். தாங்கள் உயிருடன் இருக்கிறீர்களா என்று பிரிட்டிஷ் அரசு கேட்கிறது. இருந்தால் கையெழுத்திட்டு, சாட்சி ஒருவரிடமும் கையெழுத்து வாங்கி, குறித்த காலத்துக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் ஓய்வூதியம் நிறுத்தப்படும். உயிருடன் இல்லாதவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இறப்புச் சான்றிதழின் நகலை வைத்து மூன்று முறை எழுதிவிட்டேன். அந்த மூன்றும் எங்கே போயினவோ தெரியவில்லை. இது மட்டும் தவறாமல் வந்திருக்கிறது.

முதல் தடவை இந்தத் தாளை நீங்கள் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. அண்ணி அந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து, அங்கேயே காலமாகி, நீங்கள் தனியாகப் பசுமலைக்குத் திரும்பிய மறு வருடம். என்னிடம் நீட்டிவிட்டுச் சொன்னீர்கள்: “நான் இருக்கேனா இல்லையான்னு அவங்களுக்கு எம்புட்டு அக்கறை பாருங்க தம்பி. அங்க இருந்தப்ப பக்கத்து வீட்டுக்காரன்கூட இதக் கேட்டதில்ல.” தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகளாகத் திணறிய கேள்வி அது. அதை அவர்கள் ஒரே பக்கத்தில், நான்கு கட்டங்களில் அடக்கியிருந்ததை நான் மனதாரப் பாராட்டினேன்.

அதற்கு முன்பே உங்கள் ஓய்வூதியம் உறைந்து போயிருந்தது. அங்கேயே இருப்பவருக்கு அது ஆண்டுதோறும் ஏறும். அதே வேலையைச் செய்து, அதே வரியைக் கட்டிய ஆள் இந்தியாவுக்கு வந்துவிட்டால், வந்த அன்று எவ்வளவோ அவ்வளவுதான், சாகும்வரை. அமெரிக்காவுக்குப் போனால் ஏறும். பிலிப்பைன்ஸுக்குப் போனால்கூட ஏறும். இதில் என்ன நியாயம் என்று அந்த ஊர் எம்.பி. ஒருவருக்கு நான் எழுதிக் கேட்டேன். நீண்ட காலமாகவே இப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. காரணம் கேட்டவனுக்கு விதியின் வயதைச் சொல்லியிருந்தார்கள். நீங்கள் வாசித்துவிட்டு, “பசுமலைல விலைவாசி ஏறவே இல்லைன்னு யாரோ போய்ச் சொல்லியிருக்காங்க” என்றீர்கள். அப்போது அங்கே பிரதமர்கள் நம் வீட்டு கேஸ் சிலிண்டரைவிட வேகமாக மாறிக்கொண்டிருந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் நாட்டைச் சரிசெய்யப் போவதாகச் சொன்னார்கள். நீங்கள் காலைச் செய்தித்தாளில் அந்தப் படங்களைப் பார்த்து, “இவரு வேறயா, நேத்தைக்கு உள்ள ஆளேதானா?” என்று கேட்பீர்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டீர்கள். நான் செய்த தவறுதான் உங்களைச் சாய்த்தது.

சாட்சியாக ஆசிரியர், மருத்துவர், வக்கீல் போன்றோர் கையெழுத்திடலாம் என்று தாளில் இருந்தது. முப்பது வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவன் பக்கத்துத் தெருவில் இருக்க வேறு யாரைத் தேடுவீர்கள். மூன்று வருடம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் வருடத் தாளில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. இவரை எப்படி அறிவீர்கள், இரண்டு வரிகளில் எழுதவும். இரண்டு வரி எழுதச் சொன்னால் எனக்கு வரும் கர்வம் உங்களுக்குத் தெரியும். பேனாவைத் திறந்து நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன்: பல ஆண்டுகளாக இவர் எனக்கு அண்ணன்.

எழுதும்போது எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை. பசுமலை டீக்கடையில் முதல்முறை பார்த்த அன்று நான் உங்களை சார் என்றேன். “அங்கதான் ஒருத்தனும் சார்னு கூப்பிட்டதில்ல, இங்க நீங்க எதுக்கு? அண்ணேன்னு சொல்லுங்க” என்றீர்கள். சொன்னேன். அதோடு முடிந்தது விஷயம். நம் ஊரில் காய்கறிக்காரம்மா அக்கா, பஸ் கண்டக்டர் மாப்ள. பெயரைக் கேட்பதற்கு முன்னால் முறையை முடிவு செய்துவிடுகிற ஊர் இது. ஆங்கிலம் எனக்குத் தெரியும்தான். ஆங்கிலேயரின் அலுவலகம் அதை எப்படி வாசிக்கும் என்பது தெரியவில்லை.

சாட்சி உறவினராக இருக்கக் கூடாது என்பது விதி. தாள் செல்லாது என்றார்கள். அப்படிச் சொன்ன கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டார்கள்.

என் வீட்டு முன்னறையிலிருந்து நீங்கள் அவர்களுக்குப் போன் செய்த அந்த மத்தியானம். மின்விசிறிச் சத்தம் கேட்கிறது என்று அதை நிறுத்தச் சொன்னீர்கள். ஒரு மணி நேரம் அவர்களுடைய பியானோ இசையைக் கேட்டோம். வேர்வை வழிய, முதுகை நேராக வைத்துக்கொண்டு, போனில் பேசுவதற்காகச் சட்டையின் மேல்பொத்தானைக்கூடப் போட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள். இனிமையான குரல். பிறந்த தேதி, அண்ணியின் பிறந்த தேதி, கடைசியாக வேலை பார்த்த இடம் என்று எல்லாவற்றையும் கேட்டுச் சரிபார்த்தாள். பிறகு, நீங்கள் உயிருடன் இருப்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை என்றாள்.

“இப்ப நீங்க யாரோட பேசிக்கிட்டு இருக்கீங்கம்மா?” என்று அவர்கள் மொழியில் மரியாதையாகக் கேட்டீர்கள்.

உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது என்றாள். போனில் பேசுவது ஆதாரமாகாதாம்.

ரிசீவரை வைத்துவிட்டுச் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்: “இருபத்தெட்டு வருசம் அந்த ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சர் தள்ளினேன் தம்பி. உசுரோட இருக்கறவங்கள வார்டுக்கு, போயிட்டவங்கள கீழ பிணவறைக்கு. ஒரு நாள்கூட நான் ஆள் மாத்திக் கொண்டுபோனதில்ல.”

அந்த நாட்டு நிர்வாகத்தைப் பற்றி அன்றுவரை நான் நிறைய நையாண்டி எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. அவர்களுக்குக் கொடூர புத்தி இருந்திருந்தால்கூட எதிர்த்து நிற்கலாம். அங்கே யாரும் கொடூரமானவர்கள் இல்லை. எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. எல்லாரும் வருந்தினார்கள். இரண்டாம் தாளைத் தொலைத்துவிட்டு வருந்தினார்கள். மூன்றாம் தாள் வேறு பிரிவுக்குப் போய்விட்டதற்கு வருந்தினார்கள். உங்கள் புகைப்படத்தைக் கேட்டு வாங்கி, அதையும் தொலைத்து, அதற்கும் ஒரு வருத்தக் கடிதம் அனுப்பினார்கள். அதிலும் உங்கள் பெயர் தப்பு.

அந்த மாதங்களில் நீங்கள் டீக்கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டீர்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். மழை பெய்த நாட்களிலும் வரவில்லை.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். முந்தைய சாட்சி, தான் உறவினர் இல்லை என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் கோப்பைத் திறக்கலாம். ரத்த உறவு, திருமண உறவு, வளர்ப்பு உறவு எதுவும் இல்லை என்று. நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்க, மேஜையில் வைத்து அதை எழுதினேன். ‘இவர் எனக்கு எந்த முறையிலும் உறவில்லை’ என்ற வரி வந்தபோது பேனா நின்றது.

“எழுதுங்க தம்பி. காகிதத்துக்குத்தான.”

எழுதிவிட்டேன். நீங்கள் வாங்கி ஒரு முறைக்கு இரு முறை வாசித்தீர்கள். “இங்கிலீசு நல்லா இருக்கு” என்றீர்கள். மூன்று வாரத்தில் நீங்கள் மீண்டும் உயிர் பெற்றீர்கள். ஒன்றரை வருடம் அவர்களுடைய முழுச் சம்மதத்தோடு வாழ்ந்தீர்கள்.

நீங்கள் உண்மையிலேயே போன அன்று உங்களுக்கு என்று வர யாரும் இல்லை. தத்தனேரி சுடுகாட்டில் கொள்ளி வைத்தது நான்தான். மறுநாள் மாநகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் பேரேட்டைப் பார்த்தபடியே, “இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார். “தம்பி” என்றேன். எழுதிக்கொண்டார். நம் அலுவலகங்களைப் பற்றி நான் செய்யாத கேலி இல்லை. அன்று அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காததற்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

இன்று உறையைப் பிரித்த பிறகு, அவர்கள் அலுவலகம் திறக்கும் மத்தியானம்வரை காத்திருந்து போன் செய்தேன். அதே பியானோ. இம்முறை ஒரு இளைஞன். நீங்கள் இறந்துவிட்ட தகவலைச் சொன்னேன். மிகவும் வருந்தினான். இறப்பைப் பதிவு செய்ய நெருங்கிய உறவினர் பேச வேண்டும் என்றான், நான் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டான்.

அவர் எனக்கு அண்ணன் என்றேன். வேறு என்ன சொல்வது.

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். மன்னிக்கவும் ஐயா, நீங்கள் அவருக்கு எந்த முறையிலும் உறவில்லை என்று உங்கள் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கோப்பில் இருக்கிறது.

உங்கள் புகைப்படத்தைத் தொலைத்தவர்கள், அண்ணே. இரண்டு தாள்களையும், மூன்று இறப்புச் சான்றுகளையும், நீங்கள் அங்கே உழைத்த வருடங்களையும் தொலைத்தவர்கள். அந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அது என் கையெழுத்துத்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.