பத்து நிமிடம் பேச ஓர் ஆள்

மார்ச் 7, சனி

விபோர்க், டென்மார்க். காலையில் மழை, பிறகு காற்றும் மழையும். நான் கற்பிக்கும் தமிழ்ப் பள்ளியில் ஹீட்டர் மறுபடி வேலை செய்யவில்லை. பிள்ளைகள் ஜாக்கெட்டோடு உயிர்மெய் எழுதினார்கள்.

மியூசியத்திலிருந்து பதில். ஏப்ரலில் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், அங்கே மாட்டுவண்டிகளோடு மேற்கே நடந்த குடும்பங்களின் கதை அந்த மியூசியத்தில் இருக்கிறது. மியூசியக்காரரின் வேண்டுகோள் ஒன்று: உங்கள் ஆட்களில் ஒருவர், தான் இங்கு வந்த வழியைப் பத்து நிமிடம் பேசுவாரா?

அப்பா இலங்கையிலிருந்து அகதியாகக் கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். கடைசியாக டென்மார்க் எல்லையை நடந்து கடந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கேட்டால் "அது பழசு" என்பார். இன்றும் கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடி,

"தமிழில கதைக்கலாமோ?"

"ஓம் அப்பா. நான் டேனிஷில சொல்லுறன்."

"அப்ப சரி."

சரியாம்! அம்மா அகப்பையோடு திரும்பிப் பார்த்தா.

மார்ச் 8, ஞாயிறு

செய்ய வேண்டியவை: பஸ். பெற்றோர் சம்மதம். சாப்பாடு உள்ளே விடுவார்களா? புளிச்சாதம் என்றால் மணக்கும்.

அப்பா கறுப்புக் கோட்டைப் போட்டுப் பார்த்தார். பொத்தான் பூட்ட முடியவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். ஒரு மாதம் கிடக்கிறது, அதற்குள்.

மார்ச் 10, செவ்வாய்

பள்ளிக் கூட்டம். தலைவர் குணம் மாமா (இனி கு.மா.).

"ஆர் கதைக்கிறது?"

"அப்பா, மாமா."

"நல்ல மனிசன்தான், பிள்ளை. ஆனா பன்றி வெட்டுற ஃபக்டரி ஆளை முன்னால நிப்பாட்டினா வெள்ளையள் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? எங்கட நிரூபன் இருக்கிறான். எஞ்சினியர்."

நிரூபன் அண்ணை ஐந்து வயதில் விமானத்தில், அம்மாவின் மடியில் வந்தவர்.

பின்னாலிருந்து யாரோ: "பிளேன் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கட்டும்." சிரிப்பு.

கு.மா. சிரிக்கவில்லை. "உம்மட அப்பாட்டக் கேட்டு, அவற்ற கதையை இவன் சொல்லுவான். என்ன, பட்டதாரி, சரிதானே?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். ஆய்வேட்டுக்காகப் பேராசிரியரோடு ஒரு மணி நேரம் வாதாடியவள். இங்கே வாயில் வந்தது:

"ஓம் மாமா."

வீட்டில் சொன்னேன். அப்பா: "நல்லது, பிள்ளை. எனக்கு நிண்டு கதைச்சா கால் நோகும்."

வெட்கமாக இருக்கிறது. அவருக்காக இல்லை.

மார்ச் 12, வியாழன்

வெயில். யாருக்காக என்று தெரியவில்லை. பஸ்காரரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

மாலையில் நிரூபன் அண்ணையின் ஃபோன், அப்பாவுக்கு. அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் கதைப்பார், சத்தமாக. நான் துவைத்த துணிகளோடு கதவுக்கு வெளியே.

வயல். சேறு. குளிருக்குச் சப்பாத்துக்குள் பேப்பர். துரத்திய ஒரு நாய்.

"நாய்க்குத் தமிழில ஏசினன், தம்பி. விளங்கின மாதிரி நிண்டிட்டுது."

இருவரும் சிரித்தார்கள். அப்பாவின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதேயில்லை.

பிறகு ஒரு பண்ணை வீடு. பசி. கதவைத் தட்டினாராம்.

"ஒரு கிழவன் திறந்தான். டக்கெண்டு அவன்ர காலில விழுந்து ரெண்டு காலையும் பிடிச்சன். ஊரில எண்டால் தூக்கி விட்டிருப்பினம். அவன் பயந்துபோய் உதைச்சுப் போட்டான். முகத்தில. குறை சொல்லேலாது, அவையளுக்குத் தெரியாதுதானே."

அப்பா குரலைத் தாழ்த்தப் பார்த்தார்.

"அதை மட்டும் அங்க சொல்லாதையும், தம்பி."

"ஏன் அங்கிள்? டேனிஷ் ஆக்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டோ?"

"அவையள் கேட்டால் கேக்கட்டும். என்ர பிள்ளை அங்க நிப்பாள்."

துணிகளை மடித்து வைத்தேன். மியூசியத்துக்கு எழுதினேன்: பேச்சாளர் நிரூபன். மொழிபெயர்க்க நான் தேவையில்லை.