பதினோரு நாள் ஆஸ்பத்திரிச் செலவு

அன்புள்ள சின்னவளின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் சுகம் என்று வழக்கம்போல் எழுதிவிடாதீர்கள். இந்த முறை நம்ப மாட்டேன்.

பெரியவள் கணக்கில் தேறிவிட்டாள். சின்னவளுக்கு முன்பல் விழுந்து, பேசினால் காற்றுதான் வருகிறது. ஆனாலும் வாய் ஓய்வதில்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை உங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் நம் தூதரகத்தில் ஓட்டுநராக இருக்கும் உங்களுக்கு நடந்த ஆபரேஷன் செலவை அரசாங்கமே ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டதாம். நான் சம்மதித்தால், என் வேலையில் உள்ள குடும்பக் காப்பீட்டிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். ஆபரேஷனா! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அரை நாள் லீவு போட்டு நேரில் போனேன். மருத்துவச் செலவுப் பிரிவில் இருந்த குமாஸ்தா, “காப்பீட்டுல கேட்டா வீட்டுக்குத் தெரிஞ்சுடும், என் சம்பளத்துலயே பிடிச்சுக்குங்கன்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருக்காரும்மா. உங்களைக் கேக்காம நாங்க பிடிச்சது தப்பு” என்றார். மூன்று மாதமாகப் பணத்தைக் குறைத்து அனுப்பிவிட்டு, வாடகை ஏறிவிட்டது என்று என்னிடம் கதை அளந்தீர்களே! இன்னும் பிடிப்பார்கள் என்று பயந்து, அடுத்த பரிசோதனையையும் தள்ளிப் போட்டிருக்கிறீர்களாம். யாரைக் கேட்டுத் தள்ளிப் போட்டீர்கள்?

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். தேதியைப் பார்த்தேன். செல்போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாக நீங்கள் சொன்ன அதே நாட்கள். அத்தனை நாள் கூப்பிடவில்லை என்ற கோபத்தில், அப்புறம் ஒரு வாரம் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பாவி நான். அங்கே உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது யார்?

என்ன ஆபரேஷன் என்று குமாஸ்தா கோப்பைப் பார்த்துச் சொல்ல வந்தார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். என் புருஷன் உடம்புக்கு என்ன என்பதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சொல்லியா நான் கேட்க வேண்டும்? வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நோயின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அலுவலகத்துக்கு அனுப்பாமல், நிரப்பி எனக்கே திருப்பி அனுப்புங்கள். அதற்கு முன்னால் பரிசோதனைக்குப் போய்விடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எழுதுங்கள். அழுவேன்தான். அழுது முடித்துவிட்டு டிக்கெட் எடுப்பேன்.

நீங்கள் நூறு வயது இருந்து என்னிடம் திட்டு வாங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் சண்டைக்காரி