சர்க்கரையில் கையெழுத்து

அடியே,

இன்று காலையில் என் மருமகள் கடைத்தெருவிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தாள். திறந்தால் உள்ளே இருபத்து நாலு குழல்கள், பளபளவென்று. நட்சத்திர வாய் வைத்தது, இலை வாய் வைத்தது, ரோஜா இதழ் பிழிவது, எழுத்து எழுதும் ஊசி வாய். கூடவே ஒரு நோட்டீஸ். கேக் அலங்காரம் கற்றுத் தருகிறார்களாம், சிதம்பரத்திலேயே, குறைந்த கட்டணமாம். "இதெல்லாம் என்னான்னு உங்களுக்குத் தெரியாது அத்தே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, அது அங்கேயேதான் குடியிருக்கும். ஊசிக் குழலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். அப்புறம் பொறுக்கமாட்டாமல் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன் பிள்ளை போட்ட கார்டு என் கைக்கு வருவதற்குள் காரியமே முடிந்துவிட்டிருந்தது. அன்றைக்கு அழுததோடு சரி. உன்னோடு பேச வேண்டியதைப் பேசவில்லை.

யுத்த காலம் அது. அண்ணாமலை நகர் குடியிருப்பில் உன் வீடும் என் வீடும் ஒரே வரிசை. என் வீட்டுக்காரர் யூனிவர்சிட்டி ஆபீசில் குமாஸ்தா, உன் வீட்டுக்காரர் லாபரட்டரியில் அட்டெண்டர். நான் கீழவீதியில் பிறந்து வளர்ந்தவள். முட்டை என்ற சொல்லைக்கூடச் சமையலறைக்குள் சொல்லாத வீடு எங்களுடையது. நீ அண்ணாகிராமத்துப் பக்கம், முந்திரிக் காட்டுக் குடும்பம். குமாஸ்தா பெண்டாட்டி என்பதால் என்னை ரைட்டரம்மா என்று கூப்பிட்டாய். முதல் மாதம் 'நீங்க', அடுத்த மாதம் 'நீ'. ரைட்டரம்மா மட்டும் கடைசிவரை மாறவேயில்லை.

ஹாஸ்டல் சமையல்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நீயாகவே கேக் சுட்டுக்கொண்டிருந்தாய். மண்ணெண்ணெய் டின்னுக்குள் மணலைக் கொட்டி, மேலும் கீழும் கரி நெருப்புப் போட்டு, நடுவே அலுமினியப் பாத்திரத்தில் மாவு. வரிசை முழுக்க வாசனை போகும். விற்பதற்கில்லை, பெருமைக்குமில்லை. உனக்கு அது ஒரு பிடித்தம், அவ்வளவுதான். அப்படியிருக்க, ஒரு நாள் ஏதோ புரொபசர் வீட்டுப் பிறந்தநாளுக்குக் கூடமாட வேலை செய்யப் போன நீ, ஈரக் கையோடு நேரே என் வாசலுக்கு வந்தாய். புதுச்சேரியிலிருந்து வந்த கேக்காம். மேலே ரோஜாப்பூவாம். அத்தனையும் சர்க்கரையாம்.

"கேக்கு எனக்கு வருது ரைட்டரம்மா. அந்தப் பூவு வரல. அத கத்துக்காம எனக்குத் தூக்கம் புடிக்காது."

கற்றுத் தருகிறவர்களைத் தேடி நாம் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! புதுச்சேரி ரொட்டிக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொழில் ரகசியத்தை வெளியே விடுவதில்லை என்றார். மஞ்சக்குப்பத்தில் ஓர் அதிகாரியின் மனைவி வகுப்பு நடத்துகிறாள் என்று போனால், அவள் கேட்ட கட்டணத்துக்கு உன் வீட்டுக்காரர் இரண்டு மாதம் பட்டினி கிடக்க வேண்டும். போதாததற்கு உன்னைப் பார்த்து, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா என்று வேறு கேட்டாள். உனக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. நீ சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். எனக்குத்தான் அந்த வீட்டுக் கேட்டை உடைத்துவிட்டு வரலாம் போலிருந்தது.

கடைசியில் கடலூர் ஜங்ஷன் பக்கம், ரயில்வே குடியிருப்பில், என்ஜின் டிரைவர் ஒருவரின் மனைவியைக் கண்டுபிடித்தோம். ஆங்கிலோ இந்திய அம்மாள். சனிக்கிழமைதோறும் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுப்பாள். அவள் கட்டணம் நியாயமானது. அதுவும்கூட இரண்டு பேருக்கென்றால் நமக்குக் கட்டுப்படியாகாது. தவிர, நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள். உனக்கு எழுத வராது. முட்டை வெள்ளையை அடிக்க வேண்டும் என்றாள். நான் முட்டையைத் தொடமாட்டேன். நாம் இரண்டு பேரும் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"புக்கு ஒரு ஆள், கை ஒரு ஆள். ரெண்டும் சேந்து ஒரு ஸ்டூடண்ட். ஒரு ஃபீஸ் குடு, ஆல்ரைட்."

ஆனால் ஒன்று சொல்லிவிட்டாள். ஒரு கட்டணத்துக்கு ஒரு சர்டிபிகேட்தான், அதில் ஒரு பெயர்தான். கடைசி நாளில் அவள் சொல்கிற சொற்களைக் கேக்கின் மேல் யார் பிழிந்து எழுதுகிறார்களோ அவர்களுக்குத்தான் அது. பதிவுப் புத்தகத்தில் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். பேனா பிடிக்கத் தெரிந்தவள் நான்தானே.

திரும்பி வரும்போது, ரயில் வெள்ளாற்றுப் பாலத்தில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தபோது, நீ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய். "இத வெச்சு சம்பாரிக்கல்லாம் வாணாம் எனக்கு. ரேஷன் கார்டுல அவரு பேரு. பத்திரத்துல அண்ணன் பேரு. எனக்கு எங்க போனாலும் மை தடவுன கட்டவெரலுதான். படிச்சு பாஸ் பண்ணாள்னு எம்பேரு போட்ட தாளு ஒண்ணே ஒண்ணு வேணும் ரைட்டரம்மா." உனக்கு வாங்கித் தந்தே தீருவது என்று அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

சாமான்களுக்கு நாம் பட்ட பாட்டை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். குழல்கள் சீமையிலிருந்து வர வேண்டும், யுத்தத்தில் கப்பல் எங்கே வருகிறது? டீச்சரம்மாவின் குழலை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிக்கொண்டு போய்ச் சிதம்பரத்தில் நகை செய்கிற பத்தரிடம் காட்டினோம். பித்தளைத் தகட்டில் அதே மாதிரி செய்து தரச் சொன்னோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இது எந்தச் சாமிக்கு என்ன நகை என்று கேட்டார். கூலிக்கு நீ உன் அம்மா வீட்டுப் பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாய். மனிதர் அதன் வாசனையிலேயே மயங்கி ஊசிக் குழல் ஒன்றை இனாமாகச் செய்து கொடுத்தார்.

கேக்கின் மேல் போர்த்துவதற்குப் பாதாம் விழுது வேண்டும் என்றாள் டீச்சரம்மா. பாதாமுக்கு நாம் எங்கே போவது? நீ முந்திரிப் பருப்பை அம்மியில் மைய அரைத்து, சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, சப்பாத்திபோலத் தேய்த்து ஒரு போர்வை போட்டாயே! அந்த அம்மாள் ஒரு துண்டு வாயில் போட்டாள். இன்னொரு துண்டு போட்டாள். பிறகு தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அளவு சொல் என்று உன்னிடம் கேட்டாள். டீச்சர் எழுதுகிறாள், நீ சொல்கிறாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நீலக் கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். ரேஷனில் கிடைத்த சர்க்கரை பழுப்பாக இருக்கும். ஏந்திரத்தில் பொடித்து, மல் துணியில் சலித்து, முட்டை வெள்ளையில் அடித்து ஐசிங் செய்தாலும் அழுக்கு வேட்டி நிறம்தான் வந்தது. அதற்கு யோசனை சொன்னது சாட்சாத் நான். வேட்டி வெளுக்க என்ன போடுகிறோம், நீலம்தானே? ஒரு சிட்டிகை போடு என்றேன். நீ போட்டாய். பத்தவில்லை, இன்னும் போடு என்றேன். கிண்ணம் முழுக்க வானம்போல நீலமாகிவிட்டது. இரண்டு வீட்டு ஒரு மாதச் சர்க்கரை! வண்ணான் துணிக்குப் போடுவதை வாயில் வைக்க முடியுமா? கொட்டினோம். அந்த மாதம் இரண்டு வீட்டு ஆண்களும் வெல்லக் காப்பி குடித்தார்கள். நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த மாதச் சர்க்கரை வந்ததும் வேலியிலிருந்து சங்குப்பூ பறித்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரே ஒரு சொட்டு விட்டாய். ஐசிங் வெளுத்தது. "நீ சொன்னது சரிதான் ரைட்டரம்மா, டப்பாதான் தப்பு" என்றாய். அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, முட்டையையும் மறந்து, உன் விரலிலிருந்து நான் நக்கிப் பார்த்ததை நீ கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து நன்றி.

பூ உனக்குப் பத்து நாளில் வந்துவிட்டது. எழுத்துதான் மலை. ஐசிங்கை வீணாக்க முடியாது, ஆகவே அரிசி மாவைக் கெட்டியாகக் கரைத்து, ஊசிக் குழல் செருகிய துணிப்பையில் ஊற்றி, பித்தளைத் தாம்பாளத்தில் உனக்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன், நீ பிழிவாய். மொத்தம் இருபத்தாறுதான் என்றதும் உனக்கு ஆச்சரியம். இவ்வளவுதானா, இதுக்கா அந்த மஞ்சக்குப்பத்து அம்மா அவ்வளவு பீத்திக்கிச்சு என்றாய். விசித்திரம் என்னவென்றால், பென்சிலைக் கொடுத்தால் உன் கை நடுங்கும். பையைக் கொடுத்தால் அச்சடித்த மாதிரி எழுத்து விழும். இரண்டு மாதத்தில், எந்த எழுத்தின் பெயரைச் சொன்னாலும் நீ அதைப் பிழிந்துவிடுவாய்.

பரீட்சை நாளன்று மடியில் கேக்கை வைத்துக்கொண்டு, கடலூர் வரும்வரை நீ மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். டீச்சரம்மா என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்தை ஒவ்வோர் எழுத்தாக அவள் சொல்லச் சொல்ல, நீ பல்லைக் கடித்துக்கொண்டு பிழிந்தாய். நான் தில்லை நடராஜனை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். இதில் மட்டும் நீ கைவிட்டால் உன் கோயில் வாசல் மிதிக்கமாட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். கடைசி எழுத்தும் விழுந்தது. ஒன்றுகூடக் கோணவில்லை. அந்த அம்மாள் உன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து வந்து உன் கையில் கொடுத்தாள். நீ அதை ஆசையாக என்னிடம் நீட்டினாய், படித்துச் சொல் என்று.

அதில் என் பெயர் இருந்தது.

அவள்மேல் தப்பில்லை. பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயரைப் பார்த்து முன்கூட்டியே மையில், உனக்குப் பழக்கமில்லாத கூட்டெழுத்தில் எழுதிவைத்துவிட்டாள். யார் எழுதினாலும் பேனா பிடித்தவள் பெயர்தானே இருக்கும் என்று நினைத்திருப்பாள். நான் விஷயத்தைச் சொன்னதும் நீ தாளை வாங்கி அந்தப் பெயரின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டு, "இருக்கட்டும் வுடு ரைட்டரம்மா. நீ சொல்லிக்குடுத்ததுதான. உம்பேரே இருக்கட்டும்" என்றாய்.

எனக்கு வந்ததே பார், கோபமா அழுகையா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தத் தாளை அங்கேயே, அந்த அம்மாளின் கண்ணெதிரிலேயே, சரிபாதியாகக் கிழித்துவிட்டேன். அவள் திடுக்கிட்டுப் போனாள். அச்சடித்த தாள் அது ஒன்றுதான் மிச்சம், யுத்தத்தில் வேறு காகிதத்துக்கு நான் எங்கே போவேன் என்று கத்தினாள். நானும் கத்தினேன். எழுதினவள் ஒருத்தி, பேர் ஒருத்திக்கா என்று கேட்டேன். அவள் உள்ளே போய் கெட்டியான வெள்ளை அட்டை ஒன்றைக் கொண்டு வந்தாள். இன்னார் என்னிடம் கற்றுத் தேறினார் என்று பேனாவால் எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டாள். அந்த இடத்தை நிரப்பச் சொல்லி உன்னிடம் நீட்டியது பேனாவை அல்ல. ஐசிங் பையை.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. இரண்டு மாதம் என்னென்னவோ வாழ்த்தெல்லாம் எழுதப் பழக்கினேன். உன் பெயரை எழுதச் சொல்லித் தர எனக்குத் தோன்றவேயில்லை. படித்தவள் என்ற திமிர்தான் அது, வேறென்ன? எழுத்து எழுத்தாகச் சொல்லலாம் என்று அவசரமாக வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரு" என்றாய்.

அட்டைக்கு ஒரு விரல் உயரத்தில் கையை நிறுத்தி, யாரும் சொல்லாமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உன் பெயரை நீயே எழுதினாய். வெள்ளை அட்டையில் வெள்ளைச் சர்க்கரை. சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. எப்படியடி என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்.

"தெனம் நீ போன பின்னாடி, எழுத்து சத்தத்த ஒண்ணொண்ணா கோத்து, மிச்ச மாவுல எழுதிப் பாப்பேன். அப்பறம் வழிச்சு தோசை வாத்துருவேன். எம்பேர எத்தினி தோசை தின்னாரோ, அவருக்கே தெரியாது."

டீச்சரம்மா சிரித்தாள், நான் அழுதேன், நீ இரண்டையும் செய்யாமல் அட்டைக்கு மேலே கையை ஆட்டி விசிறிக்கொண்டிருந்தாய், காய வேண்டும் என்று.

மூன்றாம் நாள் எறும்பு வந்து உன் பெயரைத் தின்றுவிட்டது. நான் பதறிக்கொண்டு ஓடி வந்தேன். நீ பதறவில்லை. எண்ணெய்க் கறைபோல மங்கலாகத் தெரிந்த தடத்தின் மேலேயே, என்னிடம் பேனா கேட்டு வாங்கி, நடுங்கிய கையால் மறுபடி எழுதினாய். பேனாவால் நீ எழுதிய முதல் எழுத்து அது. அதற்கப்புறம் உன் கட்டைவிரலில் மை பட்டதை நான் பார்க்கவில்லை.

அந்த அட்டை இப்போது உன் பிள்ளை வீட்டுச் சுவரில் இருக்கும். கிழிந்த தாளின் ஒரு பாதி என் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அதில் என் பெயரில் பாதிதான் உண்டு. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த சர்டிபிகேட் அது ஒன்றுதானடி. முழுசாக இருந்திருந்தால் எப்போதோ எங்கேயாவது தொலைத்துப் போட்டிருப்பேன்.