மூக்கைப் பொத்திய மீன்கள்

ஆவணி, வெள்ளி இரவு.

நான் வேலை பார்க்கும் கெமிக்கல் கம்பெனியின் ஓவியப் போட்டிக்கு, என் மகள் கயல் பென்சிலால் கம்பெனியை ஒட்டி ஓடும் ஆற்றை வரைந்திருக்கிறாள். மீன்களெல்லாம் ரெக்கை முளைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பிச்சாவரம் பக்கம் பறக்கின்றன.

சூப்பர்வைசர் என் மச்சான்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் படத்தைப் பார்த்துப் பதறிவிட்டான். "மாமா, மீனைத் தண்ணியிலயே வுடச் சொல்லுங்க. இல்லன்னா உங்க வேலைதான் பறந்துடும்."

"பறந்துட்ட மீனை எப்புடிப்பா எறக்குறது?" என்றாள் கயல்.

அவள் தூங்கியதும் ரப்பரோடு உட்கார்ந்தேன். தொட்டால் ரெக்கை ஈரமாக இருந்த மாதிரி இருந்தது. அழிக்க மனசு வரவில்லை. பத்தாவது ஃபெயிலான என் கைக்கு வரையவும் வராது. ஆனாலும் கூட்டத்தின் கடைசியில் ஒரு மீன் சேர்த்துவிட்டேன். எனக்கிருக்கிற அதே தொப்பை, தலையில் கம்பெனி ஹெல்மெட். மச்சான் பார்த்தால் யாரென்று தெரிந்துவிடும்.

தெரியட்டும். மூச்சு வாங்கினாலும் பறக்கிறது.