குழாய்த் தண்ணீரில் வந்த கடல்பெண்

ஜூலை 9, செவ்வாய். அன்குத்.

விடாத மழை. விறகு ஈரம், அடுப்பு புகைகிறதே தவிர எரியவில்லை. நூலகத்துக்குப் புதுப் புத்தகப் பெட்டி வந்தது. திறந்ததும் மேலேயே இக்னாசியாவின் நாவல்: ‘உன் கடைசி மூச்சு எனக்கு’. அட்டையில் ஈரக் கூந்தலோடு ஒரு பெண், உதட்டில் ரத்தம். ஆண்களைப் பாடி மயக்கி மூழ்கடிக்கும் கடல்பெண்ணுக்கும் கலங்கரை விளக்கக்காரரின் மகனுக்கும் காதல். பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஏற்கெனவே பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

நூலகர் என்ற முறையில் முத்திரை குத்தினேன். எரிபெர்தோவின் முன்னாள் மனைவி என்ற முறையில் கொஞ்சம் பலமாகக் குத்தினேன்.

நன்றிப் பக்கத்தில் ஒரு வரி: ‘தீவின் கதைகளை எனக்குச் சொன்ன அயெலெனுக்கு.’ என் மகள். சனி ஞாயிறுகளில் தீவிலிருந்து படகேறி, அக்கரையில் புவெர்தோ வராஸில் அவள் அப்பா எரிபெர்தோவோடும் அவன் புது மனைவியான சந்தியாகோக்காரி இக்னாசியாவோடும் இருந்துவிட்டு வருகிறாள். வரும் மார்ச் முதல் அங்கேயே தங்கிப் படிக்கட்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

ஜூலை 12, வெள்ளி

படித்து முடித்தேன்.

கதாநாயகனின் அம்மா பெயர் எல்சிரா. எல்சிரா! எர்சிலியா என்ற என் பெயரை இதைவிடச் சோம்பேறித்தனமாக மறைக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் பிள்ளையின் இலக்கணத்தைத் திருத்துகிறவள். சிரிப்பதற்கு முன் யோசிக்கிறவள். கணவன் விட்டுப் போனதும் குளியலறையைத் தாழிட்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். அந்தக் குழாய்த் தண்ணீர் வழியாகவே கடல்பெண் வந்து அவளைத் தொட்டியில் மூழ்கடிக்கிறாள். முழங்கால் ஆழத் தண்ணீரில்.

எழுத்து மோசமில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலை 13

குழாய். அது இந்த வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

ஜூலை 15, திங்கள்

அயெலென் சூப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“படிச்சியாம்மா?”

“படிச்சேன்.”

“எப்படி இருக்கு?”

“காற்புள்ளி அதிகம்.”

 அவள் ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தாள். அவளுக்கும் ஏதோ சொல்ல இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கும் கேட்க இருந்தது. அவளிடம் கேட்டால் அவளை இழந்துவிடுவேன். இக்னாசியாவிடம் இழக்க எனக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 20, சனி

அயெலென் அங்கே போயிருக்கிறாள். வாசகர்கள் கருத்து எழுதும் தளத்தைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. நிறுத்தவும் முடியவில்லை.

‘அஞ்சு நட்சத்திரம்!! அந்த எல்சிரா சாகற இடத்துல பஸ்ல உக்காந்துட்டு கைதட்டிட்டேன். பக்கத்து சீட்டு ஆள் எழுந்து போயிட்டாரு.’

‘காதல் சுமார். ஆனா கிழவியை முடிச்ச விதம் இருக்கே, அழகு.’

‘எனக்கும் இப்படி ஒரு சித்தி இருக்கா. எங்க வீட்டுக் குழாய்க்கு எப்ப வருவா கடல்பெண்?’

‘எல்சிரா அழும்போது யாருக்காச்சும் பாவமா இருந்துச்சா? எனக்கு இல்லப்பா.’

கடைசிக் கருத்தின் கீழே வரிசையாக, எனக்கும் இல்லை, எனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஊர் ஊராக, முகம் தெரியாத பிள்ளைகள், என் சாவுக்கு வந்து கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜூலை 22

கணக்கு ஒன்று தொடங்கினேன். பெயர்: பழைய கரை. ஒரு நட்சத்திரம் கொடுத்து, கட்டமைப்பின் பலவீனங்களைப் பற்றி நீளமாக எழுதினேன். ‘முதுகெலும்பில்லாத வாக்கியங்கள்’ என்றும் எழுதினேன். நல்ல விமர்சனம்தான்.

மாலைக்குள் ஒரே ஒரு பதில்: ‘எல்சிரா, குழாயை மூடிட்டுப் போய்ப் படும்மா.’

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மறுபடி படித்தேன், இந்தமுறை கசாப்புக்காரியைப் போல. கிடைத்தது. கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது.

எங்கள் தீவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கடல்தேவதை பிங்கோயா கடலைப் பார்த்து ஆடினால் மீனும் மட்டியும் கொட்டும். கரையைப் பார்த்து ஆடினால் அந்த வருஷம் பட்டினி. இக்னாசியாவின் கடல்பெண்ணுக்குப் பிங்கோயா என்றே பெயர். காதலனைக் காப்பாற்ற அவள் கடலுக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்து ஆடுகிறாள். ஊர் ஆனந்தக் கண்ணீர் விடுகிறது. வலைகள் நிரம்புகின்றன.

எனக்குப் பிங்கோயாவில் நம்பிக்கை இல்லை. பல்கலைக்கழகத்தில் அவளைப் ‘பற்றாக்குறைக்கான விளக்கக் கதை’ என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அதனால் என்ன? கத்தியின் மேல் நம்பிக்கை வைத்தா குத்துகிறார்கள்?

ஆகஸ்ட் 5

இந்தமுறை நீட்டவில்லை. எழுதியது இது:

‘நான் தீவுக்காரி. கடைசி அத்தியாயத்தில் பிங்கோயா கரையைப் பார்த்து ஆடுகிறாள். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் பஞ்சம். ஆசிரியர் எங்களிடமிருந்து அவளை எடுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் திரும்பி நிற்பாள் என்று கேட்டுக்கொள்ளக்கூட நேரமில்லை போலும். நன்றிப் பக்கத்தில் சொல்லப்பட்ட கதைசொல்லி யாரோ, தீவு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் யாராவது காட்டுங்கள்.’

கடைசி வாக்கியம்... வேண்டாமோ என்று ஒருகணம் இருந்தது. அயெலென் பெயர் அதில் இல்லை. ஆனால் அவள் படிப்பாள். படிக்கட்டும். குழாயைப் பற்றிச் சொன்னதற்கு அது ஒரு சின்னக் கிள்ளல். அவ்வளவுதான்.

அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10, சனி

பற்றிக்கொண்டது! காஸ்த்ரோ, கெயோன், கின்சாவ் என்று தீவு முழுக்க எழுதுகிறார்கள். அஞ்சு நட்சத்திரம் கொடுத்தவர்களே திரும்ப வந்து பிடுங்கிக்கொள்கிறார்கள். ‘அப்ப கடைசியில ஊரே செத்துப்போச்சா? நான் வேற சந்தோஷத்துல அழுதேனே!’ உள்ளூர் வானொலியில் காலைச் செய்திக்கு முன் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

சந்தையில் மட்டி விற்கும் ஒத்திலியா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள்.

“எர்சிலியாம்மா! கேட்டீங்களா சங்கதியை? அந்தச் சந்தியாகோக்காரி பிங்கோயாவைத் திருப்பி நிக்க வெச்சு ஆட விட்டுட்டாளாம்! அதான் பாருங்க, மட்டி இப்படிப் பொத்தான் சைசுக்கு வருது. அவ மேல கேஸ் போடணும்.”

“நீங்க படிச்சீங்களா?”

“எனக்கெதுக்கு? என் தங்கச்சி மக படிச்சா. முத்தம் குடுக்கிற பக்கத்தையெல்லாம் தாண்டிட்டு மிச்சத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினா. மிச்சம்னு பெருசா ஒண்ணுமில்ல.”

வாய்விட்டுச் சிரித்தேன். யோசிக்காமல். எல்சிரா சிரிப்பதற்கு முன் யோசிப்பாளாம்!

ஆகஸ்ட் 17

எரிபெர்தோ தொலைபேசியில்.

“நீதானே அது?”

“எது?”

“எர்சி, நடிக்காத. ‘முதுகெலும்பில்லாத வாக்கியம்’னு உலகத்துல நீ ஒருத்திதான் சொல்லுவ. பதினெட்டு வருஷம் அதைக் கேட்டவன் நான்.”

“அப்ப உனக்கு நல்ல பயிற்சிதான்.”

“இக்னாசியா சரியாச் சாப்பிடறதே இல்ல.”

“உப்புத் தண்ணி குடுத்துப் பாரு.”

“அயெலெனைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு.”

“அவளை எதுக்கு இதுல இழுக்கற?”

 தொலைபேசியை வைத்துவிட்டான். பதிலில்லாமல்தான் வைத்தான் என்று நினைத்து, இரண்டு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

எழுத வேண்டும். 

இன்று பிற்பகல் எங்கள் நூலகத்தில் இக்னாசியாவின் வாசகர் சந்திப்பு. நகராட்சி எப்போதோ ஏற்பாடு செய்தது. அவள் ரத்து செய்வாள் என்று எதிர்பார்த்தேன். வந்தாள். மெலிந்திருந்தாள். நாற்காலிகளை நானே போட்டேன், முன்வரிசையில் சந்தைப் பெண்கள் உட்காரும்படி பார்த்துக்கொண்டேன். அயெலென் மூன்றாவது வரிசையில், தோழி யாசனாவோடு.

ஒத்திலியா கை தூக்கினாள். “அம்மணி, ஒரே ஒரு கேள்வி. உங்க பிங்கோயா அப்படித் திரும்பி நின்னு ஆடினப்புறம் அந்த ஊர்ல என்னத்தைத் தின்னாங்க?”

கூரை அதிரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு ருசித்து நான் கோப்பை அடுக்கியதில்லை.

இக்னாசியா சிவந்துபோனாள். “நான் சும்மா எழுதல. கேட்டுத்தான் எழுதினேன். இந்தத் தீவுல பிறந்த ஒருத்திதான் சொன்னா எனக்கு, கரையைப் பார்த்து ஆடுவான்னு...”

அவள் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. வேண்டுமென்று போகவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனது. நன்றிப் பக்கத்தைப் படித்திருந்த எல்லாருடைய கண்ணும் அதன் பின்னாலேயே போனது.

அயெலென் எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. மேல்சட்டையைக்கூட எடுக்காமல் மழையில் போய்விட்டாள்.

வீட்டில் ஈரத்தோடு சமையலறையில் நின்றிருந்தாள்.

“நீதான் ‘பழைய கரை’. அப்பா சொல்லும்போது நான் நம்பல.”

“அயெலென், நான் அவளைத்தான்...”

“தீவு எங்க இருக்குன்னு எனக்குக் காட்டணுமா? காட்டேன்! யாரு எனக்குச் சொன்னா பிங்கோயா எந்தப் பக்கம் பார்ப்பான்னு? சின்ன வயசுல கேட்டா ‘அதெல்லாம் பேத்தல், பாடத்தைப் படி’ன்ன. இக்னாசியா கேட்டா. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

அப்புறம் நான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. “குழாய்?”

உட்கார்ந்தாள். கோபமெல்லாம் வடிந்துபோன குரல்.

“அவ சொன்னா, உங்க அம்மா கல்லு மாதிரி, எதுவும் உறைக்காதுன்னு. இல்லன்னு சொன்னேன்மா. எங்கம்மாவும் அழுவா, நான் பயந்துடக் கூடாதுன்னு குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவான்னு சொன்னேன். உனக்காகத்தான் பேசினேன். அதை அவ எடுத்து இப்படி எழுதிட்டா. நீ என்னை எடுத்து இப்படி எழுதிட்ட.”

ஆகஸ்ட் 25

கருத்தை நீக்கினேன். பயனில்லை, படமெடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். இக்னாசியாவுக்காக நீக்கவில்லை. அவளை மன்னிக்கவில்லை. அதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்: மன்னிக்கவில்லை. என் மகள் எனக்காகச் சொன்ன ஒரே நல்ல வார்த்தையை எடுத்து என்னை மூழ்கடித்தவள்.

நான் எதை எடுத்தேன்?

செப்டம்பர் 18

சுதந்திர தினம். தெருவெல்லாம் கொடி, இறைச்சிப் புகை. அயெலென் அப்பா வீட்டுக்கும் போகவில்லை, என்னோடும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். “தலைவலி” என்றாள். ஒற்றைச் சொல் பதில்கள். என்னிடமிருந்து கற்றுக்கொண்டது.

அக்டோபர் 30

இக்னாசியா அந்தத் தளத்திலிருந்து விலகிவிட்டாளாம். இரண்டாம் பாகம் கைவிடப்பட்டது என்கிறார்கள். ஜெயித்திருக்கிறேன். சொல்லிக்கொள்ள வீட்டில் ஆளில்லை. பக்கத்து அறையில் இருக்கிறாள், இருந்தும் ஆளில்லை.

டிசம்பர் 21

இந்த வருஷப் பள்ளி முடிந்தது. முடிவைச் சொன்னாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நின்றபடியே.

“அங்கயும் போகல. இங்கயும் இல்ல. யாசனாவோட அத்தை காஸ்த்ரோல இருக்காங்க, ரூம் இருக்கு. அங்க தங்கிப் படிக்கறேன்.”

“சரி.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்ல? போகாதன்னு சொன்னா கேப்பியா?”

“சொல்லிப் பாத்திருக்கலாம்ல.”

சொன்னேன். தாமதமாக, அசிங்கமாக, மூக்கு ஒழுக, குழாயைத் திறக்காமல் சொன்னேன். தோளைத் தட்டிக் கொடுத்தாள், பெரியவள்போல. ஆனாலும் போகிறாள்.

மார்ச் 3

போய்விட்டாள்.

மார்ச் 29, சனி

மதியப் பேருந்தில் வந்தாள், சொல்லாமல். கையில் காஸ்த்ரோவிலிருந்து உருளைக்கிழங்கு அப்பம், துணியில் சுற்றி, இன்னும் சூடு ஆறவில்லை. சாப்பிட்டோம். ஏதோ ஒரு வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னாள், நான் திருத்தவில்லை, அவள் கவனித்தாள்.

பாத்திரம் துடைக்கும்போது, “அம்மா, ஒண்ணு சொல்லணும்” என்றாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். “எங்கயும் எழுதமாட்டியே?”

“மாட்டேன்.”

“எந்தப் பேர்லயும்?”

“எந்தப் பேர்லயும்.”

சொன்னாள். அடுப்பு அணையும்வரை பேசிக்கொண்டிருந்தோம். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.