கூட்டுப் பயனிலையும் என் வாயும்

ஜூன் 3, செவ்வாய்

என் மனைவிக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் மட்டும் பாக்கி. ஒருமுறை எழுதித் தவறிவிட்டது. இந்த முறை தேறினால் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை போய்ப் பொறுப்பாளர் வேலை. சமையலறை மேசையில் நான்தான் வாத்தியார்.

இன்று பயனிலை. எழுவாயைத் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் முழுப் பயனிலை. அதற்குள் வினை மட்டும் எளிய பயனிலை என்றேன். "தி பேபி த்ரூ ஹர் ஸ்பூன்." 'த்ரூ'வுக்கு அடியில் இரட்டைக் கோடு போட்டாள். "எறிஞ்சா, சரி. பொறுக்குறது யாராம்? அது எந்தப் பயனிலை?"

ஜூன் 5, வியாழன்

கூட்டுப் பயனிலை. நடுவில் 'அண்ட்', இரண்டு பக்கமும் வினை. அவ்வளவுதான் என்றேன். பத்து வாக்கியம், பத்தும் சரி.

"வாத்தியாரே, ஒரு காபி போடுங்க." போட்டேன்.

ஜூன் 6

பாடம் இல்லை. வந்ததும் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.

ஜூன் 7, சனி

தப்பு. தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நூலகத்தில் இலக்கண நூலைப் பார்த்தேன். இரண்டு வினையும் ஒரே எழுவாய்க்கு உரியதாக இருக்க வேண்டும். மழை நின்றது, குழந்தைகள் ஓடினார்கள் — இது இரண்டு வாக்கியம். 'அண்ட்' போட்டாலும் கூட்டுப் பயனிலை ஆகாது. நான் 'சரி' போட்ட பத்தில் நான்கு இப்படித்தான். முப்பத்தாறு வருஷம் கோப்பு சரிபார்த்தவனாம்!

செவ்வாய் தேர்வு. இப்போது சொன்னால் குழம்பிவிடுவாளோ? சொல்லாமல் விட்டால்?

ஜூன் 9

தலைவாரிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று வாயைத் திறந்தேன். "என் கண்ணாடி எங்கே?" என்றேன். மூக்கின் மேல் இருந்தது. கோழைப்பயல் நான்.

ஜூன் 10, செவ்வாய்

தேர்வுக்குப் போகும் பஸ்ஸில் உளறிக்கொட்டிவிட்டேன். முறைத்தாள். "இதை மூணு நாளா வாய்க்குள்ளேயே வெச்சிருந்தீங்களா?" இறங்கிவிடலாமா என்றிருந்தது.

அப்புறம் டிரைவரைக் காட்டினாள். "அவர் ஹாரன் அடிக்கிறார், திட்டுறார். ஒரே ஆளு. கூட்டு. சரியா?"

"சரி."

"நீங்க முழிக்கிறீங்க, நான் படிக்கிறேன். ரெண்டு ஆளு. கூட்டு இல்ல. சரியா?"

"சரி."

இறங்கும்வரை பஸ்ஸில் ஒருவரையும் விடவில்லை. தேர்வு நடக்கும் பள்ளி வாசலில் என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இனி காப்பகத்தை ஏழு மணிக்கே இவள்தான் திறக்க வேண்டும். சாவிக்கொத்தை இரண்டு தரம் எண்ணிப் பைக்குள் போட்டாள். சாப்பாடு நான் கட்டினேன். உப்புப் போட்டேனா என்று ஒரு சந்தேகம். கிளம்பும் முன்பே சொல்லிவிட்டேன்.