நீ துடைத்தெடுத்த கறுப்புப் புள்ளி

ஜோவனாசிக்கு,

இங்கே வடக்குப் பனியில் நானும் உன் அப்பாவும் நலம். மொன்றியலில் நீ நலமாக இருப்பதைப் பேப்பரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் உன் படமே சொல்லிவிட்டது, அதனால் விசாரிக்கவில்லை. செத்துப்போன என் அண்ணன் பெயரை உனக்கு வைத்த நாளிலிருந்து உன்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன், கடிதத்திலும் அப்படித்தான். இன்று பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறேன், காரணத்தையும் படி.

போன வாரம் ஊர்க் கூடத்தில் கூட்டம். நம் விரிகுடாவைக் காப்பாற்றுகிறேன் என்று தெற்கு நகரத்திலிருந்து விமானமேறி வந்த ஒரு அம்மாள் நீ எடுத்த விரிகுடாப் படத்தைச் சுவர் முழுக்கக் காட்டினாள். மனுஷன் கால் படாத பனியாம், அப்படியே இருக்கட்டும், இனி அங்கே யாரும் வேட்டைக்குப் போகக் கூடாது என்று அரசாங்கத்திடம் கேட்கப் போகிறார்களாம். கால் படாத பனியா? பனி உருகுறத உலகத்துக்குக் காட்டணும்மா என்று நீ சொன்னபோது, நல்ல காரியமாச்சே என்று உன் அப்பாவை விரட்டி உன்னோடு அனுப்பியவள் நான். அன்று எடுத்த படத்தை நீயே அனுப்பினாய், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் பனிவண்டித் தடம் இருக்கிறது, வேட்டையாடிய சீல் மிருகத்தை அறுத்த ரத்தச் சிவப்பு இருக்கிறது, தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியும் இருக்கிறது. நீ கேமராவில் கண்ணை வைத்திருக்க, கரடி வருகிறதா என்று துப்பாக்கியோடு காவல் நின்ற உன் அப்பா அது. சுவரில் காட்டிய படத்தில் இவை எதுவும் இல்லை. போனில் கேட்டால், தூசு மாதிரி இருந்துச்சும்மா, படத்தோட அழகையே கெடுத்துச்சு என்கிறாய். பெற்ற தகப்பன் உனக்குத் தூசாடா? நான் இன்னும் கொஞ்சம் தின்னு பெருத்திருந்தா அழிக்க மனசு வந்திருக்காதுடி என்று உன் அப்பா சிரித்தார். பிறகு டீயைத் தொடவே இல்லை. நம் படத்தைக் கழற்றிக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் காட்டினேன், இது வேற இடமா இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

என் அண்ணன் அந்த விரிகுடாவிலிருந்து திரும்பாதபோது அவன் வண்டித் தடத்தைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் உடலையாவது வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவன் பெயரை வைத்துக்கொண்டு தடத்தை அழிக்க உனக்கு எப்படிக் கை வந்தது? அடுத்த மாதம் மறுபடியும் கூட்டம் இருக்கிறது. நீ வந்து, எல்லார் முன்னாலும் நின்று, அழித்தது நான்தான், இது எங்கள் ஜனங்கள் வேட்டையாடும் இடம் என்று உன் வாயால் சொல்ல வேண்டும்.

சீல் இறைச்சி அனுப்பியிருக்கிறேன். நீ துடைத்தெடுத்த அதே இடத்தில் உன் அப்பா பிடித்தது, வயிறாரச் சாப்பிடு. குளிரில் தலையை மூடிக்கொள். ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும், புத்தியையும் கொடுக்கட்டும். கூட்டத்தை மறந்துவிடாதே. எப்போதும் போல உன் தங்கை என்று கையெழுத்துப் போட இன்று கை வரவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள் மட்டும்,
லீட்டியா